விளம்பரமும் விலங்கும்

முதல் மூன்று வருடம் பீர் நுரையைப் படமெடுத்தேன்.
நுரை நிற்காது.
பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு விட்டால் நிற்கும்.
மெக்கலென் நகரில் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்;
குடிப்பவர்களுக்கு மட்டும் தெரியாது.

பிறகு குளியலறை ஓடுகள்.
பிறகு நானூறு பிஸ்கட்டில்
விரிசலில்லாத ஒன்றைத் தேடியே கழிந்த ஒரு டிசம்பர்.
மிச்சத்தை நானும் உதவியாளன் யோரிசும்
ஈஸ்டர் வரை தின்றோம்.

வேனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்:
லுட்கார்ட் வெர்ஹுல்ஸ்ட்
விளம்பரமும் விலங்கும்.
கடைசிச் சொல்லைச் சேர்த்தது
ஒரு பூனை உணவு டப்பா தந்த துணிச்சலில்.
பதினோரு மணி நேரம் அந்தப் பூனை
காமிராவுக்கு முதுகையே காட்டியது.
முதுகையே அச்சிட்டார்கள். விற்றது.

புறாக்காரர்கள் வந்தது அதைப் பார்த்துத்தான்.

பந்தயப் புறாவின் ஏலப் புத்தகத்துக்கு மூன்று படம்:
நின்ற கோலம், விரித்த சிறகு, கண்.
கண்ணுக்குத்தான் விலை.
பாவையைச் சுற்றி ஓடும் வளையங்களில்
பார்சிலோனாவிலிருந்து திரும்பும் தூரத்தைப் படிக்கலாம்
என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.
எனக்குப் படிக்கத் தெரியாது.
நான் பார்த்தது செங்கல் நிறம், ஈர மணல்,
துருவின் ஓரத்தில் வரும் ஒரு மஞ்சள்,
நடுக் கறுப்பில் என் குடை விளக்கு,
அதன் கீழே கடுகளவு நான்.

துடைத்துவிடுவேன்.
வேலையில் பாதி அதுதான்.
கண்ணிலிருந்து என்னை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் கொஞ்சம் கறுப்பை வைப்பது.
நல்ல நாளென்றால் நாற்பது கண்.
இருபத்தாறு வருடம்.

வில்லெப்ரூக்கில் ஓமர் ஸ்டூர்ம்ஸ்
நூற்றுப் பதினான்கு புறாவையும் ஒரே ஏலத்தில் விட்டார்.
கை நடுங்க ஆரம்பித்திருந்தது.
சிறகை விரித்துப் பிடிக்க வேண்டியதும் அதே கைதான்,
வேறு யார் பிடித்தாலும் அவை அடங்கவில்லை.
மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று
என்னிடமா புறாவிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.
விளக்கைக் கூட்டி ஷட்டரை விரட்டினேன்.
நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கில்
எந்தக் கையும் நடுங்குவதில்லை.

விற்ற புறாவைத் திறந்துவிடக் கூடாது.
உலகத்தின் அந்தக் கோடியில் விட்டாலும்
அது வில்லெப்ரூக்குக்குத்தான் கிளம்பும்.
அதனால் அதன் குஞ்சுகள் பறக்கும்,
அது கம்பிக்குள் முட்டையிடும்.
பறவைக்குப் போய் விலங்கு என்று எழுதலாமா என்று
வேனைப் பார்த்துச் சிலர் கேட்பார்கள்.
எழுதலாம்.

ஏலம் முடிந்து ஐந்தாம் மாதம்
தைச்சுங்கிலிருந்து ஒரு கடிதம்.
எழுபத்தொன்றாம் எண் பெட்டையை வாங்கியவர்.
'படத்தில் பாவைக்குள் ஒரு பெண் நிற்கிறார்.
பெட்டை வந்ததும் பூதக்கண்ணாடியில் தேடினோம்.
அங்கே இல்லை. யார் அவர்?'

யோரிஸ் சிரித்து மேஜையில் காபியைக் கொட்டினான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எழுபத்தொன்று வரும்போது இரவு பத்தரை,
பசி, விட்டுப்போயிருக்கிறது.
தவறுக்கு வருந்துகிறேன்,
திருத்திய படம் இலவசமாக அனுப்புகிறேன் என்று எழுதினேன்.

'வேண்டாம்' என்று ஒரு வரி வந்தது.
'இங்கே அது எப்போதும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்கிறது.
அன்றைக்கு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது
என்று தெரிந்தால் போதும்.'

கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன்.
குனிந்த முதுகு.
ஒரு கண்ணை இறுக்கிக்கொண்ட முகம்,
கோபக்காரி மாதிரி.
இவ்வளவு நாள் இவளையா துடைத்தேன்.
இன்னும் பெரிதாக்கினேன்,
கட்டங்கட்டமாகப் படம் உடையும் வரை.

எனக்குப் பின்னால் ஒரு நீளமான வெள்ளை.
புறாக்கூட்டின் கதவு.

அது ஏன் திறந்திருந்தது என்று
யோரிசிடம் கேட்டேன்.
வெளிச்சம் பற்றவில்லை என்று
நீங்கள்தானே திறக்கச் சொன்னீர்கள், என்றான்.